சிறு பெட்டிகளின் சரித்திரம்

வீட்டுத் தொலைக்காட்சியில் இணையத்தின் வழியே படம் பார்ப்பதற்கு எந்தப் பெட்டியை வாங்கலாம் என்று ஒருவர் இன்று விசாரிக்கப் புகுந்தால், கடைக்காரர் அவர் முன் அதன் வேகத்தையும், படத்தின் தெளிவையும், சப்தத்தின் நேர்த்தியையும் விஸ்தாரமாக எடுத்துரைப்பார். ஆனால் வாங்கிச் சென்றவர் ஓராண்டு கழித்து வருத்தத்தோடு திரும்பி வரும்போது, அவருடைய குறை பெரும்பாலும் இவற்றில் எதைப் பற்றியதாகவும் இராது. தாம் விரும்பிய ஆப் அந்தப் பெட்டியில் வரவில்லை, அல்லது வந்துகொண்டிருந்தது நின்றுவிட்டது என்பதே அவருடைய முறையீடாக இருக்கும். காசு கொடுத்து வாங்கிய ஒரு சாதனத்தின் பிரயோஜனத்தை, அதைச் செய்த ஸ்தாபனத்துக்கும் படங்களைக் கையில் வைத்திருக்கும் வேறு ஸ்தாபனங்களுக்கும் இடையே, வாங்கியவருக்குத் தெரியாமல் கையெழுத்தாகும் உடன்படிக்கைகள் நிர்ணயிக்கும் இந்த நிலைமை எவ்வாறு உண்டாயிற்று என்பதை அறிய வேண்டுமானால், அமெரிக்க தேசத்தின் கடந்த முப்பது ஆண்டுச் சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். இந்தப் பெட்டிகள் பிறந்ததும், அவற்றின் எஜமானர்கள் ஒருவரோடொருவர் பிணங்கியதும், பின்னர் சமாதானம் செய்துகொண்டதும் அங்கேதான்.

அந்நாட்டில் கேபிள் மூலம் நிகழ்ச்சிகளைப் பெற்றுவந்த வீடுகளில் செட்-டாப் பாக்ஸ் சொந்தப் பொருளாக இருந்ததில்லை. கேபிள் கம்பெனி அதைக் கொண்டுவந்து வைக்கும். மாதந்தோறும் வாடகை வசூலிக்கும். சந்தாவை நிறுத்தினால் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடும். எட்வர்ட் மார்க்கி, ரிச்சர்ட் புளூமெந்தால் என்னும் இரண்டு செனட்டர்கள் 2015-ஆம் ஆண்டில் கம்பெனிகளிடம் விவரம் கேட்டுத் திரட்டியபோது, சந்தாதாரர்களில் சுமார் 99 சதவிகிதம் பேர் பெட்டியை வாடகைக்கே வைத்திருந்தார்கள் என்பதும், சராசரிக் குடும்பம் ஒன்று அந்த வாடகைக்காக மட்டும் ஆண்டுக்கு 231 டாலர் கொடுத்துவந்தது என்பதும் வெளியாயின. இரண்டு மூன்று ஆண்டு வாடகையில் சொந்தமாகவே பல பெட்டிகளை வாங்கிவிடலாம். ஆனால் வாங்குவதற்குக் கடையில் பெட்டி இருந்தாலும், அதைத் தன் கம்பியில் இணைத்துக்கொள்ளக் கேபிள் கம்பெனிக்கு மனம் இருக்கவில்லை.

டெலிபோன் விஷயத்தில் இத்தகைய ஆதிக்கத்தை அந்நாட்டார் வெகு காலத்துக்கு முன்பே முறித்திருந்தார்கள். டெக்ஸஸ் மாகாணத்தைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர் என்பவர் வயர்லெஸ்ஸையும் டெலிபோனையும் இணைக்கும் கருவி ஒன்றைச் செய்து விற்க, அதைத் தன் தொடர்பில் சேர்க்கவே கூடாது என்று டெலிபோன் கம்பெனி தடுக்க, 1968-ஆம் ஆண்டில் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் கார்ட்டரின் பக்கமே நியாயம் இருப்பதாகத் தீர்ப்பளித்தது. அதன் பயனாக, பிறர் செய்த டெலிபோன்களும், பேசியதைப் பதிவுசெய்யும் யந்திரங்களும், பிற்காலத்தில் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று பேசவைத்த மோடமும் தடையின்றி வீடுகளுக்குள் பிரவேசித்தன. அந்த நியாயத்தையே தொலைக்காட்சிக்கும் விஸ்தரிக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு எழுதப்பட்டதுதான் தகவல் தொடர்புச் சட்டத்தில் 1996-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 629-ஆவது பிரிவு. கேபிள் கம்பெனியோடு சம்பந்தமில்லாத உற்பத்தியாளர்கள் செய்யும் பெட்டிகளும் ஜனங்களுக்குக் கடையில் கிடைக்கும்படி செய்ய வேண்டிய பொறுப்பை அது ஆணையத்தின் தலைமேல் சுமத்தியது.

ஆணையம் கண்ட உபாயம் கேபிள்கார்டு என்பது. கம்பெனியின் பூட்டைத் திறக்கும் சாமர்த்தியத்தை மட்டும் ஒரு சிறு அட்டையில் அடக்கி, அந்த அட்டையைக் கம்பெனி கொடுக்க, பெட்டியை வாடிக்கையாளர் தம் இஷ்டப்படி கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. கம்பெனிகள் இதில் சிரத்தை காட்டவேண்டும் என்பதற்காக, 2007 ஜூலை முதல் தேதிக்குப் பிறகு அவை வாடகைக்கு விடும் புதிய பெட்டிகளிலும் தனியே பிரிக்கக்கூடிய பூட்டையே வைக்கவேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. இவ்வளவு செய்தும், கடையில் வாங்கிய பெட்டிகளுக்குள் நுழைந்த அட்டைகள் சில லட்சங்களைத் தாண்டவில்லை. அட்டையைப் பொருத்துவதற்கே ஆள் வரக் காத்திருந்து சலித்தவர்கள் பலர். கடைசியாக, ஆணையத்தின் தலைவர் டாம் வீலர் 2016 பிப்ரவரியில் பெட்டியின் பூட்டை அடியோடு திறந்துவிடும் திட்டம் ஒன்றை மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் விவாதத்துக்குக் கொண்டுவந்தார். அது பலவாறு திருத்தப்பட்டு, செப்டம்பர் 29 அன்று முடிவான வாக்கெடுப்புக்கு வரவேண்டியிருந்த சமயத்தில், அன்றைய நிகழ்ச்சி நிரலிலிருந்தே எடுக்கப்பட்டது. அடுத்த ஜனவரியில் ஆட்சி மாறியதும் திட்டமும் கைவிடப்பட்டது. இருபது ஆண்டுப் பிரயாசை இவ்வாறு வீணானதை நினைக்கையில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டாகிறது. யார் செய்த பெட்டியாயினும் யாருடைய நிகழ்ச்சியையும் காட்டலாம் என்ற பொது விதி ஒன்று அப்போது வேரூன்றியிருந்தால், பின்னால் வந்த பெட்டிகளும் அந்த விதியின் நிழலிலேயே வளர்ந்திருக்கக்கூடும்.

சட்டத்தின் போக்கு இப்படி இருக்கையில், கேபிளை நாடாமல் இணையத்தின் வழியாகவே படத்தை வீட்டுக்கு அனுப்பும் காரியம் வேறொரு பக்கத்தில் ஆரம்பமாகியிருந்தது. டி.வி.டி. தட்டுகளைத் தபாலில் அனுப்பிவந்த நெட்ஃபிளிக்ஸ், 2007 ஜனவரியில் கம்ப்யூட்டர் திரையில் நேராகப் பார்க்கும் வசதியைத் தன் சந்தாதாரர்களுக்கு அளித்தது. ஆனால் மேஜையின் முன் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு மணி நேரப் படத்தைப் பார்ப்பது எத்தனை பேருக்குச் சாத்தியம்? படம் கூடத்துக்கு வரவேண்டுமானால் தொலைக்காட்சியோடு இணைக்கும் பெட்டி ஒன்று வேண்டும் என்று உணர்ந்த நெட்ஃபிளிக்ஸின் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், அந்த வேலைக்கு அந்தனி வுட் என்பவரை அழைத்துக்கொண்டார். நிகழ்ச்சிகளை ஹார்ட் டிஸ்க்கில் பதிவுசெய்து பிறகு பார்க்க உதவும் ரீப்ளே டி.வி. என்ற சாதனத்தை முன்னரே செய்து பெயர் பெற்றவர் வுட். 2002-ஆம் ஆண்டில் ரோக்கு என்ற கம்பெனியை ஸ்தாபித்தவரும் அவரே. நெட்ஃபிளிக்ஸின் கட்டடத்துக்குள்ளேயே, அதன் பணத்திலேயே, பெட்டி உருவாயிற்று. வடிவமும் முடிந்து, ரிமோட்டும் முடிந்து, விற்பனைக்கு நாள் குறிக்கும் தறுவாயில், 2007-இன் இறுதியில் ஹேஸ்டிங்ஸ் அதைத் தம் கம்பெனியின் பெயரில் வெளியிடுவதில்லை என்று தீர்மானித்தார்.

இந்தத் தீர்மானமே இந்தச் சரித்திரம் முழுவதற்கும் திறவுகோல் என்பது என் அபிப்பிராயம். நெட்ஃபிளிக்ஸ் தானே ஒரு பெட்டியை விற்கத் தொடங்கினால், ஆப்பிளும், விளையாட்டுப் பெட்டி செய்யும் மைக்ரோசாஃப்டும், தொலைக்காட்சி செய்யும் கம்பெனிகளும் அதைத் தங்களுக்குப் போட்டியாகக் கருதும்; கருதினால் தங்கள் சாதனங்களில் அதற்கு இடம் தரமாட்டா; தராவிட்டால் ஒரு பெட்டியில் கிடைக்கும் லாபத்துக்காக நூறு பெட்டிகளின் வாசலை அடைத்துக்கொண்டதாகும் என்று அவர் கணித்தார். ஆகவே பெட்டியும், அதைச் செய்த ஆட்களும், ஒரு சிறு முதலீட்டோடு வுட்டின் ரோக்குவிடம் ஒப்படைக்கப்பட, 2008 மே மாதம் 20-ஆம் தேதி 99 டாலர் 99 சென்ட் விலையில் அது கடைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360-இலும் நெட்ஃபிளிக்ஸ் நுழைந்தது. ஹேஸ்டிங்ஸின் கணக்குத் தப்பவில்லை.

அந்த முதல் பெட்டி உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும் அளவே உள்ள கறுப்புச் சதுரம். அதன் பின்புறத்தில் புதிய எச்.டி.எம்.ஐ. வாயும், பழைய தொலைக்காட்சிகளுக்கான மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகளும் சேர்ந்தே இருந்தன. முதன்முறை இயக்கும்போது திரையில் சில எழுத்துக்கள் தோன்றும். அவற்றைக் கம்ப்யூட்டரில் நெட்ஃபிளிக்ஸ் கணக்கில் தட்டச்சு செய்தால் பெட்டி அந்தக் கணக்கோடு சேர்ந்துகொள்ளும். படத்தைத் தேடும் வசதியெல்லாம் பெட்டியில் இல்லை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வரிசையில் சேர்த்துவைத்த படங்கள் மட்டும் அட்டைகளாகத் திரையில் நிற்கும். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட படங்களும் தொடர் அத்தியாயங்களும் இப்படி வீட்டுக் கூடத்தை எட்டின. மறு ஆண்டின் இறுதியில் ரோக்கு தன் பெட்டியில் பிறருடைய சேவைகளையும் சேர்த்துக்கொள்ளும் கடை ஒன்றைத் திறந்தது. தனக்கென்று விற்கப் படமும் இல்லாமல், பாட்டும் இல்லாமல் இருந்த ரோக்கு, வந்தவர் யாராயினும் வருக என்று சொல்ல முடிந்தது. மற்றக் கம்பெனிகளுக்கு அந்தச் சௌகரியம் இருக்கவில்லை.

ஆப்பிளின் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பெட்டி ரோக்குவுக்கும் முந்தியது. 2007 மார்ச்சில் 40 ஜி.பி. ஹார்ட் டிஸ்க்கோடு 299 டாலருக்கு வந்தது. ஆனால் அது ஐடியூன்ஸ் கடையில் வாங்கியவற்றைக் கம்ப்யூட்டரிலிருந்து தொலைக்காட்சிக்குக் கொண்டுவருவதற்கென்றே பிறந்தமையால், தன் கடைக்குப் போட்டியான எவரையும் உள்ளே விடுவதில் வெகு காலம் தயங்கியது. ஸ்டீவ் ஜாப்ஸ் அதைத் தம் கம்பெனியின் பொழுதுபோக்கு முயற்சி என்றே குறிப்பிட்டுவந்தார். 2010-இல் ஹார்ட் டிஸ்க் இல்லாத, 99 டாலர் விலையுள்ள இரண்டாவது பெட்டி வந்தபோதுதான் நெட்ஃபிளிக்ஸுக்கு அதில் இடம் கிடைத்தது. வெளியார் எவரும் ஆப் எழுதிச் சேர்க்கலாம் என்ற உரிமை 2015 அக்டோபரில்தான் வந்தது.

கூகுளுக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிரான அனுபவம். எல்லாரையும் உள்ளே விடத் தயாராக இருந்தது அது. வருவதற்குத்தான் ஆள் இல்லை. 2010-இல் லாஜிடெக் கம்பெனி செய்து 299 டாலருக்கு விற்ற ரெவ்யூ என்ற பெட்டியில் கூகுள் டி.வி. வந்தது. இணையத்தில் உள்ளதை எல்லாம் தொலைக்காட்சித் திரையில் தேடிப் பார்க்கலாம் என்று அது பறைசாற்றிய சில வாரங்களுக்குள், ஏ.பி.சி., சி.பி.எஸ்., என்.பி.சி. முதலிய பெரிய ஒளிபரப்பு ஸ்தாபனங்கள் தங்கள் வலைத்தளங்களில் அந்தப் பெட்டியை அடையாளம் கண்டு கதவைச் சாத்தின. கம்ப்யூட்டரில் இலவசமாக வந்த அதே நிகழ்ச்சி, அதே இணையத்தில், அதே வீட்டில், இந்தப் பெட்டியின் வழியே மட்டும் வராது போயிற்று. பெட்டியின் தொழில்நுட்பத்தில் ஒரு பழுதும் இல்லை. சம்மதம் மட்டுமே இல்லை. அந்த முயற்சியால் தனக்கு நேர்ந்த நஷ்டம் பத்துக் கோடி டாலருக்கு மேல் என்று லாஜிடெக்கின் தலைவர் மறு ஆண்டில் ஒப்புக்கொண்டார்.

அந்தப் பாடத்தைக் கற்ற கூகுள் 2013 ஜூலையில் 35 டாலருக்கு வெளியிட்ட குரோம்காஸ்ட், ரிமோட்டும் இல்லாமல், தனக்கென்று முகப்புப் பக்கமும் இல்லாமல், தொலைக்காட்சியின் பின்னால் செருகப்படும் விரல் நீளத் துண்டாக வந்தது. கைபேசியில் தேர்ந்தெடுத்ததும் படத்தின் முகவரியைக் கைபேசி அதற்குச் சொல்லும். பிறகு படத்தை இணையத்திலிருந்து நேராக இழுத்துக்கொள்வது அந்தத் துண்டின் வேலை. அமேசான் 2014 ஏப்ரலில் ஃபயர் டி.வி. பெட்டியையும், நவம்பரில் 39 டாலருக்கு ஸ்டிக்கையும் கொண்டுவந்தது. இந்தியாவில் குரோம்காஸ்ட் 2014 டிசம்பரில் 2,999 ரூபாய்க்கும், ஃபயர் டி.வி. ஸ்டிக் 2017 ஏப்ரலில் 3,999 ரூபாய்க்கும் கிடைக்கலாயின. இவ்வாறு நான்கு பெரிய கம்பெனிகள் களத்தில் நின்றன. அவற்றுள் மூன்று கம்பெனிகளுக்குத் தங்களுடைய சொந்தச் சரக்கும் இருந்தது. பூசல் எழுந்தது அதனால்தான்.

2015 அக்டோபரில் அமேசான், தன் இணையக் கடையில் ஆப்பிள் டி.வி.யும் குரோம்காஸ்ட்டும் இனி விற்கப்படமாட்டா என்று அறிவித்தது. அவற்றில் தன்னுடைய பிரைம் வீடியோ சரிவர வருவதில்லை, வாங்குவோர் குழம்புகிறார்கள் என்பது அது கூறிய காரணம். ஆனால் அவற்றில் பிரைம் வீடியோவுக்கு ஆப் எழுதித்தர வேண்டியவர் அமேசானே அல்லவா என்று அப்போதே பலர் கேட்டார்கள். கூகுள் 2017 செப்டம்பரில் அமேசானின் எக்கோ ஷோ என்ற சாதனத்திலிருந்து யூடியூபை விலக்கியது; டிசம்பரில், 2018 ஜனவரி முதல் ஃபயர் டி.வி.யிலும் யூடியூப் கிடையாது என்று அறிவித்தது. தன் சாதனங்களை அமேசான் விற்க மறுப்பதையும், பிரைம் வீடியோவைக் குரோம்காஸ்ட்டுக்குத் தர மறுப்பதையும் அது காரணமாகச் சுட்டியது. சில மாதங்களுக்கு முன் ஸ்டிக் வாங்கிய இந்தியக் குடும்பங்களும் இந்தச் சண்டையில் அகப்பட்டுக்கொண்டன. அமேசானின் சியாட்டிலுக்கும் கூகுளின் கலிபோர்னியாவுக்கும் இடையே நடந்த வியாபார வழக்கில் தங்களுக்கு என்ன சம்பந்தம் என்று அவர்கள் கேட்டிருந்தால் அதில் குற்றம் காண முடியாது. யூடியூபைத் தொட்டால் ஆப்புக்குப் பதிலாக பிரௌசரைத் திறந்து பார்க்கும்படி அறிவிப்பு வரும். அந்தச் சுற்றுவழியிலேயே ஒன்றரை ஆண்டு கழிந்தது. 2019 ஜூலை 9 அன்றுதான் ஃபயர் டி.வி.யில் யூடியூபும், குரோம்காஸ்ட்டில் பிரைம் வீடியோவும் ஒரே நாளில், கைதிகளைப் பரிமாறிக்கொள்வதுபோல், வந்து சேர்ந்தன.

யாருக்கும் பகையில்லாத ரோக்குவாவது அந்த நிலையிலேயே நின்றதா என்றால், அதுவும் இல்லை. பெட்டியை அடக்க விலைக்கு விற்றுவிட்டு, அதன் வழியே நடக்கும் சந்தாவிலும் விளம்பரத்திலும் பங்கு எடுத்துக்கொள்வது அதன் வியாபார முறையாக மாறியது. 2017-இல் விளம்பரத்தோடு இலவசப் படங்கள் காட்டும் சொந்தச் சேனல் ஒன்றையும் தொடங்கிற்று. 2018-இல் இந்த வகை வருமானம் பெட்டி விற்ற வருமானத்தை மிஞ்சிவிட்டது. வாசல் காப்பவனே வரி வசூலிப்பவனாகவும் ஆனபின் தகராறு வராமல் இராது. 2020 மே மாதம் 27 அன்று எச்.பி.ஓ. மேக்ஸ் என்ற படச் சேவை தொடங்கியபோது, அமெரிக்காவில் மிக அதிகமான வீடுகளில் இருந்த ரோக்குவிலும் ஃபயர் டி.வி.யிலும் அது வரவில்லை. நவம்பரில் அமேசானோடு ராஜி ஏற்பட்டது. கிறிஸ்துமஸ் அன்று அந்தச் சேவையில் வெளியாகவிருந்த வொண்டர் வுமன் 1984 படம் ரோக்கு வீடுகளுக்குக் கிட்டாமல் போய்விடுமோ என்ற நிலையில், அதற்கு ஒரு வாரத்துக்குச் சற்று முன்னர் ரோக்குவோடும் ராஜி ஏற்பட்டது. 2021 ஏப்ரல் இறுதியில் கூகுளோடு பிணங்கிய ரோக்கு, அதன் யூடியூப் டி.வி. என்ற சேவையைத் தன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. தன் பெட்டிகளில் இன்ன வகைச் சிப் இருக்க வேண்டும் என்று கூகுள் நிர்ப்பந்திக்கிறது, அதனால் பெட்டியின் விலை ஏறிவிடும் என்பது அதன் புகார்களில் ஒன்று. கூகுளோ, டிசம்பர் 9 முதல் புதிய ரோக்கு பெட்டிகளில் யூடியூபே கிடைக்காது என்று நாள் குறித்தது. அந்த நாளுக்கு முந்திய தினம் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

இந்த உடன்படிக்கைகளின் தடயத்தை ரோக்குவின் ரிமோட்டிலேயே காணலாம். அதன் அடிப்பகுதியில் வர்ணம் தீட்டிய நான்கு பொத்தான்கள், நான்கு சேவைகளின் பெயரோடு இருக்கும்; ஒவ்வொன்றும் விலை பேசி விற்ற இடம். ரோக்குவின் 2015-ஆம் ஆண்டு ரிமோட்டில் ஆர்டியோ என்ற பாட்டுச் சேவைக்கு ஒரு பொத்தான் உண்டு. அந்தச் சேவை அதே ஆண்டு டிசம்பரில் மூடப்பட்டது. பெயர் மட்டும் பிளாஸ்டிக்கில் நிலைத்துவிட்டது. ஒரு சேவை இறந்தாலும் அதன் பொத்தான் வீட்டுக்காரரின் கையில் பல ஆண்டுகள் இருக்கும்; அந்தப் பொத்தானைத் தாம் விரும்பும் சேவைக்கு மாற்றிக்கொள்ளும் உரிமையோ அவருக்கு இல்லை.

சண்டை ஓய்ந்துவிட்டால் எல்லாம் நிரந்தரம் என்றும் எண்ணுவதற்கில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி இயங்குதளம் இருப்பதால், ஒரே சேவை ரோக்குவுக்கு ஒரு விதமாகவும், ஆப்பிளுக்கு ஒரு விதமாகவும், ஃபயர் டி.வி.க்கு ஒரு விதமாகவும் ஆப் எழுதிப் பராமரிக்க வேண்டியிருக்கிறது. படத்தைத் திருட்டிலிருந்து காக்கும் பூட்டும் வெவ்வேறாக இருக்கிறது. பழைய பெட்டிக்காக இந்த உழைப்பைத் தொடர்வது லாபமில்லை என்று சேவைக்குத் தோன்றும் நாளில், பெட்டி பழுதில்லாமலே பயனற்றதாகிறது. 2019 டிசம்பர் முதல் தேதி நெட்ஃபிளிக்ஸ் சில பழைய சாதனங்களுக்குத் தன் சேவையை நிறுத்தியபோது, அந்தப் பட்டியலில் முதல் ரோக்கு பெட்டியும் இருந்தது. நெட்ஃபிளிக்ஸின் கட்டடத்திலேயே, நெட்ஃபிளிக்ஸைக் காட்டுவதற்கென்றே செய்யப்பட்ட பெட்டி, பதினோரு ஆண்டு கழித்து நெட்ஃபிளிக்ஸைக் காட்டும் தகுதியை இழந்தது. மூன்றாவது ஆப்பிள் பெட்டியிலிருந்து யூடியூப் 2021 மார்ச்சில் விலகிக்கொண்டது. 2025 மார்ச்சில், பத்தாண்டு ஆயுளோடு எழுதிவைத்திருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதால், இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட்டுகள் உலகெங்கும் ஒரே சமயத்தில் நின்றுபோயின. கூகுள் சில நாட்களில் திருத்தம் அனுப்பி அவற்றை எழுப்பியது. அதற்கு முந்திய ஆண்டே அந்தப் பெயரில் புதிய சாதனம் செய்வதை அது நிறுத்தியிருந்தது.

பெட்டிகளை ஒப்பிட்டு எழுதுவோர் விலையையும் வேகத்தையும் அருகருகே வைத்து அட்டவணை போடுகிறார்கள். அட்டவணை அச்சாகும் நாளில் அது சரியாகவே இருக்கும். எந்தச் சேவை எந்தப் பெட்டியில் எத்தனை காலம் இருக்கும் என்ற கட்டம் மட்டும் அதில் காணப்படுவதில்லை. அதை நிரப்பக்கூடியவர்கள் உற்பத்தியாளர்களும் சேவைக்காரர்களுமே. வாங்குபவருக்கு இதை முன்கூட்டிச் சொல்லியாக வேண்டும் என்று நான் அழுத்தமாகவே கருதுகிறேன். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அமுலுக்கு வந்த சட்டத்தின்படி, இணையத்தோடு சேரும் வீட்டுச் சாதனங்களைச் செய்யும் உற்பத்தியாளர், அவற்றுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் குறைந்தபட்சம் எதுவரை அனுப்பப்படும் என்பதை வாங்குபவர் அறியும்படி வெளியிட வேண்டும். அந்தச் சட்டம் பேசுவது பாதுகாப்பைப் பற்றி மட்டுமே. ஆப்கள் எத்தனை காலம் கிடைக்கும் என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அதே விதியை ஆப்களுக்கும் விஸ்தரித்து, இன்ன சேவை இன்ன தேதிவரை இந்தப் பெட்டியில் கிடைக்கும் என்று அட்டைப்பெட்டியின் மேலேயே அச்சிடச் செய்வதில் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை.